மழைக்கு முந்தின நாள் மேம்பாலம் ஏறிய கார்கள்: ஓஎம்ஆர் சாலையும் பள்ளிக்கரணைச் சதுப்பும்

2024 அக்டோபர் 14 சாயங்காலம் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் நின்றன. டிராஃபிக் நெரிசல் இல்லை, நிறுத்தி வைத்திருந்தார்கள். அடுத்த நாள் மிகக் கனமழை என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. அதற்கு முந்தின டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெள்ளத்தில் மிதந்துபோன வீடியோவைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் அவரவர் வண்டியை ஓட்டிக்கொண்டு மேடு தேடி வந்துவிட்டார்கள். வேளச்சேரியில் மேடு என்றால் மேம்பாலம்தான்.

பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு காரின் முன் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னொன்றின் உறையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கணவனும் மனைவியும் வண்டியைப் பூட்டிவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தின் ஓரமாகவே நடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வருஷம் ஏழு வருஷம் தவணை கட்டி வாங்கிய வண்டி. ஒரு தடவை இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் ஆயிரக்கணக்கில் செலவு, சில சமயம் லட்சம். ஆனால் அந்த வரிசையைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. காரைக் காப்பாற்றக் காரோடு ஓட வேண்டிய அளவுக்கு இங்கே தண்ணீர் ஏன் நிற்கிறது? அதில் காரின் பங்கு எவ்வளவு? அந்தப் பங்கைத்தான் இந்த ஆய்வில் தேடிப் பார்க்கிறேன்.

கார் போக்குவரத்தின் கேடு என்றாலே நாம் புகையைப் பேசுகிறோம். புகை பெரிய விஷயம்தான், அதற்கும் வருகிறேன். தென்சென்னையில் கார் செய்த முதல் சேதம் மண்ணிலும் தண்ணீரிலும் நடந்தது. அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

சாலைக்கு முன் இருந்தது

ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை 1990-களில் ஒரு சாதாரண கிராமத்துத் தார் ரோடு. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் என்று ஊர் ஊராகப் போய்க் கேளம்பாக்கத்து உப்பளத்தைத் தொடும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டிக் கடல். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. உள்ளூர்க்காரர்கள் அதைக் கழுவெளி என்பார்கள்.

கழுவெளி சும்மா கிடந்த நிலம் இல்லை. தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம், நாராயணபுரம் என்று சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை இங்கே வந்து தேங்கி, நிதானித்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலோடு சேரும். 1960-களில் இதன் பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பாக, அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் ஏறியது ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். மீதியை ஒரு பெரிய குப்பைக் கிடங்கும், கல்லூரிகளும், அரசு வளாகங்களும், அடுக்குமாடிகளும், அலுவலகக் கோபுரங்களும் எடுத்துக்கொண்டன. இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்த நூல் சாலை.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தது. அப்புறம் ஒவ்வொரு ஐடி கம்பெனியாகத் தெற்கே இறங்கியது. 2008-இல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. நீளத்துக்கு ஆறு வழிச் சாலை வந்தது, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறியது, டோல் வந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174-லிருந்து 426 சதுர கி.மீ. ஆனபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகரத்துக்குள் வந்துவிட்டன. நகரம் வளர்ந்ததும் சாலை போட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே சாலை போட்டதும் நகரம் வளர்ந்தது. அதனால் சாலை யாரை மனதில் வைத்துப் போடப்பட்டதோ அவருக்கேற்ற மாதிரிதான் நகரமும் அமைந்தது.

இவ்வளவு அகலமான சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம்கூட ஒதுக்கவில்லை. சாலையோடு சேர்த்து ரயிலும் வரவில்லை. நடக்கிறவர் சாலையைக் கடக்க வழி தேடித்தான் போக வேண்டும். காரிலோ பைக்கிலோ வருபவருக்கு மட்டும் கேட் வரைக்கும் நேராக வழி இருந்தது.

கரையாக மாறிய சாலை

சதுப்பு நிலம் தட்டையானது. அங்கே தண்ணீர் ஆறுபோல் ஓடாது. ஒரு விரிப்பைப் போல, கண்ணுக்குத் தெரியாத சரிவில், மெதுவாக நகரும். அதன் குறுக்கே மண் கொட்டி மேடாக்கி ஒரு சாலை போட்டால் அது சாலை மட்டும் இல்லை, ஏரிக்கரையும்தான். அங்கங்கே விடும் சிறுபாலங்கள்தான் மதகு. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் ரோடு கழுவெளியை இப்படித்தான் இரண்டாக வெட்டுகிறது. கார்த்திகை மார்கழியில் அந்த ரோட்டில் போனால் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்க்கலாம், பக்கத்திலேயே சிறுபாலத்தின் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம். ஒரு பக்கம் தண்ணீர் ஒரு சாண் உயரமாக நிற்கும், மறுபக்கம் தாழ்ந்திருக்கும். சாலை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று, மறுபடி மறுபடி தார் போடுவது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுசு போட்டால் ரோடு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறும். இருபது வருஷத்தில் ரோட்டோரத்து வீட்டின் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விடும். மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டியெடுப்பது, செய்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள், பெரிய சாலைகளில் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட வீடுகள் பள்ளமாகவே இருக்கின்றன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வழி என்றால் ஒரு வழிக்கு 3.5 மீட்டர் வீதம் 21 மீட்டர் அகலம். 20 கி.மீ. நீளத்துக்கு 42 ஹெக்டேர் தார். சர்வீஸ் ரோடு, பார்க்கிங், யூ டர்ன் எதுவும் இதில் சேரவில்லை. ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்தத் தாரின் மேல் மட்டும் 4.2 கோடி லிட்டர் தண்ணீர் விழும். மண்ணாக இருந்தால் ஒரு பகுதியைக் குடிக்கும், தார் குடிக்காது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி இந்தப் பக்கம்தான் இறங்க வேண்டும்.

அப்புறம் பார்க்கிங். ஒரு கார் திறந்தவெளியில் நிற்க, திரும்பும் இடத்தையும் சேர்த்து, நம் நகரத் திட்டங்களில் 23 சதுர மீட்டர் கணக்கிடுகிறார்கள். சென்னையில் அந்த அளவில் ஒரு குடும்பம் ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழ்கிறது. 100 கார் நிற்கும் ஒரு வளாகம் என்றால் 2,300 சதுர மீட்டர் சிமென்ட் தரை. 10 செ.மீ. மழையில் அங்கிருந்து 2.3 லட்சம் லிட்டர் வெளியே ஓடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 19 லாரி.

லாரி கணக்கில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஓஎம்ஆர் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக டேங்கர் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. சாலை 2008-இலேயே வந்துவிட்டது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் தள்ளித் தள்ளி வந்தன, பல இடங்களில் இன்னும் வரவில்லை. காலையில் சர்வீஸ் ரோட்டில் நின்றால் தண்ணீர் கொண்டுவரும் லாரியும் கழிவுநீர் எடுத்துப்போகும் லாரியும் எதிரெதிராகப் போவதைப் பார்க்கலாம். தெற்கே கிராமத்துக் கிணற்றில் உறிஞ்சிய தண்ணீர், டீசல் எரித்து, வளாகத்துத் தொட்டிக்கு வருகிறது. அதே வளாகத்தின் சிமென்ட் தரையில் விழும் மழை, மடுவைத் தேடி ஓடி, பாதி வழியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது.

மூச்சுக்குள் போவது

சரி, காற்றுக்கு வருகிறேன். தில்லியோடு ஒப்பிட்டால் சென்னைக் காற்று பரவாயில்லை என்பது உண்மை. கடற்காற்றுதான் காரணம். மத்தியானம் வந்துவிட்டால் தரையோரத்துப் புகையைக் கலைத்துவிடும். ஆனால் கடற்காற்று காலை எட்டரை மணிக்கு வருவதில்லை. மார்கழிக் காலைகளில் காற்று அசையாமல் நிற்கும், அதே நேரத்தில்தான் எல்லா வண்டியும் சாலையில் நிற்கும்.

பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. இரண்டுக்கும் நடுவில் எட்டு மடங்கு இடைவெளி. நமது வரம்புக்குள் இருக்கிறோம் என்பதாலேயே நுரையீரல் பத்திரமாக இருக்கிறது என்று ஆகாது. பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் உண்டு. அவை சுற்றுவட்டாரத்தின் பொதுவான காற்றைச் சொல்லும். வாகனப் புகையின் அடர்த்தி சாலை விளிம்பில் அதிகம், சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் வேகமாகக் குறையும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர், இளநீர் விற்பவர், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஆகியோர் மூச்சில் போவது நிலையத்தின் எண்ணைவிடக் கூடுதல்.

எரிபொருள் சுத்தமாகியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை வரையறை வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது வண்டியின் புகை பழைய வண்டியின் புகையோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அந்த வண்டிகளும் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கின்றன.

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரிக்குப் போய்வர 40 கி.மீ. இந்த நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு நாளைக்கு 7.7 கிலோ, வருஷத்துக்கு 250 வேலைநாள் என்றால் 1.9 டன். ஒரு சராசரி இந்தியர் சமையல், மின்சாரம், பயணம், தொழிற்சாலைப் பொருள் என்று எல்லாம் சேர்த்து ஓராண்டில் காரணமாகும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2 டன். தனியாகக் காரில் ஆபீஸ் போய்வருவதற்கு மட்டும் இன்னொரு மனிதரின் முழு வருஷக் கணக்கு செலவாகிறது.

மின்சாரக் கார் வந்தால் தீர்ந்துவிடும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. குழாய்ப் புகை போகும், சத்தம் குறையும், நல்லதுதான். ஆனால் டயர் தேய்வது போகாது. ஒரு கார் டயர் தன் ஆயுளில் ஒரு கிலோவுக்கும் மேல் தேய்கிறது, அந்தக் கறுப்புத் தூள் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ரோட்டோரம் முதல் மாடியில் குடியிருப்பவர்கள் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணியில் பிசுக்காக ஒட்டும் கறுப்பில் அதுவும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்த கையோடு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்கு டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளே காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். நம் ரேடியல் ரோட்டில் முதல் மழைக்கு ஓடும் தண்ணீரும் டயர் தூளும் எண்ணெயுமாக, வானவில் நிறத்தில், நேராகக் கழுவெளியில்தான் இறங்குகிறது. மின்சாரக் காருக்கும் நிற்க அதே 23 சதுர மீட்டர் வேண்டும். அதன் கீழேயும் மண் தண்ணீர் குடிக்காது.

காரில்லாதவர்கள்

இந்தச் சாலையோரத்தில் ஐடி கோபுரங்கள் மட்டும் இல்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000-க்குப் பிறகு இங்கே கொண்டுவந்து விடப்பட்டன. அவர்களுடைய வேலை பழைய இடத்திலேயே இருந்தது. மயிலாப்பூரில் வீட்டு வேலை, தி.நகரில் கடை, பாரிமுனையில் சுமை. 20, 25 கி.மீ. தூரம் தினமும் பஸ்ஸில். 2018 ஜனவரியில் கட்டணம் திடீரென ஏறியபோது பஸ்ஸை விட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. ஷேர் ஆட்டோவுக்கும் பழைய பைக்குக்கும் போய்விட்டார்கள். 2021-இல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று ஆனபோதுதான் அந்தச் சுமை பாதி இறங்கியது.

காருக்கான சாலையின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் இவர்கள்தான். நெரிசலில் பஸ் நிற்கும்போது அவர்கள் நிற்கிறார்கள். புகை அவர்கள் முகத்துக்கு நேராக வருகிறது. வெள்ளம் வந்தால் செம்மஞ்சேரியில் தண்ணீர் தரைத்தள வீட்டுக்குள் ஏறிவிடுகிறது. மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த அவர்களிடம் வண்டி இல்லை.

2008-இல் சென்னைப் பெருநகருக்காக நடந்த போக்குவரத்து ஆய்வில், நூறு பயணத்தில் ஏறக்குறைய 28 நடந்தும், 26 பஸ்ஸிலும், 25 இருசக்கர வண்டியிலும் நடந்தன. காரில் 6. ஆறு வழிச் சாலை திறந்த அதே வருஷத்து நிலவரம் இது. அந்த ஆறு பேரை எழுபது பேராக்கும் விதத்தில் நகரத்தைக் கட்டினால் இடமும் போதாது, காற்றும் போதாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பார்த்தவை

நெரிசலுக்கு இங்கே முதலில் கை போனது மேம்பாலத்துக்குத்தான். இந்திரா நகர் சந்திப்பிலும் டைடல் பார்க் சந்திப்பிலும் யு வடிவ மேம்பாலங்கள் வந்துவிட்டன. திறந்த முதல் சில மாதம் ஓட்டுநர்களுக்கு நிம்மதி. அப்புறம், வேறு பாதையில் போனவர்களும், வேறு நேரத்தில் போனவர்களும், பஸ்ஸில் போனவர்களும் அந்த நிம்மதியைத் தேடி வருவார்கள். இடம் நிரம்பிவிடும். நெரிசல் மிகுந்த பல நகரங்களில் அகலப்படுத்திய சாலை நெடுநாள் காலியாக இருந்ததில்லை.

டோலை 2021 ஆகஸ்டில் நான்கு இடங்களிலும், நாவலூரில் 2023 அக்டோபரிலும் நிறுத்தினார்கள். தினமும் கட்டியவர்களுக்குச் சந்தோஷம், எனக்குப் புரிகிறது. ஆனால் காருக்கான கட்டணமாக இருந்த ஒன்று போய்விட்டது. அந்தப் பணத்தை அப்படியே பஸ்ஸுக்குத் திருப்பியிருந்தால் என்ன என்ற யோசனையைக்கூட யாரும் பெரிதாகப் பேசவில்லை. என் கணிப்பில் அது கைவிட்ட வாய்ப்பு.

பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கி.மீ. பணி 2008-இல் தொடங்கி, அரை கி.மீ. நில விவகாரத்தில் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. அந்த ஐந்து கி.மீ. நேரத்துக்கு முடிந்திருந்தால் தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர் பரங்கிமலையில் மாறித் தரமணி போயிருக்கலாம். அந்த வருஷங்களில் எத்தனை பேர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பைக்கும் காரும் வாங்கியிருப்பார்கள்! ஒரு தடவை வாங்கியவர் லேசில் விற்பதில்லை. பறக்கும் ரயிலின் தூண்களில் ஒரு பகுதி பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பொதுப் போக்குவரத்தும் தண்ணீரின் வழியைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

நடப்பவர்களுக்காகவும் சைக்கிள்காரர்களுக்காகவும் மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு என்றது அது. இந்தியாவில் முன்னோடியான கொள்கை. பாண்டி பஜாரில் 2019-இல் அதன் பலன் தெரிந்தது. ஓஎம்ஆரில் இன்னும் தெரியவில்லை. 2025-இல் மாநகரப் பேருந்துக் கழகத்துக்கு மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வரத் தொடங்கியிருக்கின்றன. படி ஏற முடியாத பெரியவர்கள் அதில் சுலபமாக ஏறுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அதுவும் அதே நெரிசலில்தான் நிற்கிறது. கழுவெளியைப் பொறுத்தவரை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில், எல்லையை அளந்து முடிக்கும்வரை ராம்சர் பகுதியைச் சுற்றி ஒரு கி.மீ.க்குள் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. கட்டடத்துக்குச் சொன்ன அதே கண்டிப்பு சாலைக்கும் வேண்டும். ரேடியல் ரோட்டில் மண் மேட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் அடியில் தாராளமாகப் போகும்படி தூண்மேல் நிற்கும் பாலமாக மாற்றுவது செலவுதான். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இந்தப் பக்கத்து மக்கள் கொடுக்கும் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது முடிவு செய்ய வேண்டியது

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரும் பாதை ஓஎம்ஆரின் நடுவில் தூண்களாக எழுந்து நிற்கிறது. பணிக்காகச் சாலையின் நடுப்பகுதியைத் தடுப்பு வைத்து அடைத்துச் சில வருஷம் ஆகிறது. குறுகிய சாலையில் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள், ஆனாலும் ஓட்டிவிட்டார்கள். பல கம்பெனிகள் பஸ் விட்டன, சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

தடுப்புகளை எடுக்கும் நாளில் இருபக்கமும் ஒரு அகலம் திரும்பக் கிடைக்கும். அது மறுபடி காருக்கே போனால் ஆறே மாதத்தில் நிரம்பும், மெட்ரோவில் ஏறியிருக்க வேண்டியவரும் காரிலேயே இருப்பார். அதே அகலத்தில் பக்கத்துக்கு ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கென்று கோடு போட்டுப் பிரித்தால், 570, 102, 19பி எண் பஸ்கள் நெரிசலைத் தாண்டிப் போகும். ஒரு பஸ்ஸில் அறுபது பேர், அந்த நீளத்தில் நிற்கும் கார்களில் நான்கைந்து பேர். மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர் ஆபீஸ் வரை நிழலில் நடந்துபோக நடைபாதையும், அதன் ஓரத்தில் மழைநீர் இறங்க மண்ணும் அந்த அகலத்திலேயே கிடைக்கும். இதற்குப் புதிதாக ஒரு ஹெக்டேர்கூட எடுக்க வேண்டாம். நிலையங்களுக்குக் கீழே பார்க்கிங் எவ்வளவு, அதற்கு என்ன கட்டணம் என்பதையும் அதே நாளில் முடிவு செய்ய வேண்டும். ஒரு தடவை இலவசமாக விட்டுவிட்டால் பிறகு கைவைக்க முடியாது.

போன வாரம் காலை ஒக்கியம்பேட்டை நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றேன். பக்கத்தில் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா, கையில் டிபன் பையோடு. "ஏழே காலுக்குக் கிளம்பினாத்தான்பா ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியுது" என்றார். தூரம் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது கி.மீ.